ரோஸ் 2 நிறுவும்போது வரும் சந்தேகங்கள்: நீலகிரியிலிருந்து கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்தில் ரோபோ புராஜெக்ட் செய்கிற மாணவர்களும், சொந்த ஆர்வத்தில் படிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். மேசைக் கணினியில் ரோஸ் 2 (ரோபோ நிரல்களுக்கான 'ரோபோட் ஆபரேட்டிங் சிஸ்டம்') நிறுவுவது பற்றி மட்டும்தான் இந்தப் பக்கம். எளியது முதலில், சிக்கலானது பின்னால்.

கட்டளைகளைப் போனில் வாசித்துச் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறோம்; டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். `ஏபிடி` என்பது பேக்கேஜ் நிறுவும் கட்டளை. `ஓபிடி` என்பது ரோஸ் போய் உட்காரும் ஃபோல்டர். பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் எழுத்தெழுத்தாகப் பிரித்தே எழுதியிருக்கிறோம். முன்னால் `சூடோ` வந்தால், அந்தக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுகிறோம் என்று பொருள்.

உதவி கேட்கும்போது பெரும்பாலோர் திரையின் கடைசி வரியைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். காரணம் அங்கே இருக்காது. மேலே உருட்டிப் போய், பிழை என்று வந்த முதல் வரியைப் பாருங்கள். அதற்குப் பின் வருவதெல்லாம் அந்த ஒன்றின் விளைவு.

1. ரோஸ்னா அது ஒரு ஆபரேட்டிங் சிஸ்டமா? விண்டோஸை அழிச்சிட்டுத்தான் போடணுமா?

இல்லை. பெயரில் ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தாலும், ரோஸ் என்பது லினக்ஸின் மேல் உட்காரும் நூலகங்களும் கருவிகளும் சேர்ந்த தொகுதி. கேமராவுக்கு ஒரு நிரல், மோட்டாருக்கு ஒரு நிரல், வரைபடத்துக்கு ஒரு நிரல் என்று தனித்தனியாக ஓடும். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ரோஸ் வழி செய்கிறது. அதற்கு நன்றாகப் பழகிய தளம் உபுண்டு.

விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். மேசைக் கணினியில் தனியாக ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு அதில் உபுண்டு நிறுவுவதுதான் ஆபத்தில்லாத வழி. நிறுவத் தொடங்குமுன் விண்டோஸ் இருக்கும் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள். கண்ணுக்கே தெரியாத டிஸ்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. முடிந்ததும் கேபிளை மாட்டிவிட்டு, கணினி தொடங்கும்போது பூட் மெனு விசையை (பெரும்பாலும் எஃப்12, எஃப்11 அல்லது எஃப்8) அழுத்தி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே டிஸ்கில் இரண்டும் வேண்டுமென்றால், முதலில் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணையுங்கள். இந்த இரண்டையும் விட்டவர்கள்தான் பிறகு 'விண்டோஸ் சாவி கேக்குது' என்று வருகிறார்கள்.

2. எந்த உபுண்டு, எந்த ரோஸ்? யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இது. ஒவ்வொரு ரோஸ் பதிப்பும் ஒரு குறிப்பிட்ட உபுண்டுவோடு ஜோடி. ஹம்பிள் என்றால் உபுண்டு 22.04. ஜாஸி என்றால் உபுண்டு 24.04. ஜோடி மாறினால் என்ன செய்தாலும் ஏபிடி-யில் நிறுவ முடியாது. பார்த்த வீடியோவில் நொயெடிக், ஃபாக்ஸி என்று வந்தால் மூடிவிடுங்கள். இரண்டும் உபுண்டு 20.04 காலத்தவை. ஃபாக்ஸிக்கு 2023-லும் நொயெடிக்குக்கு 2025 மே மாதத்திலும் ஆதரவு முடிந்துவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர் ஜாஸி போடலாம். 2029 மே வரை ஆதரவு உண்டு. வாங்கிய ரோபோவின் நிரல்கள் ஹம்பிளுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தால் 22.04-ம் ஹம்பிளும் போடுங்கள். அதற்கு 2027 மே வரை. கில்ட்டட் என்ற பதிப்பும் 24.04-க்கு இருக்கிறது, ஆனால் 2026 டிசம்பரோடு முடியும். கல்லூரி புராஜெக்டுக்கு அது வேண்டாம்.

இனி வரும் பதில்களில் ஜாஸி என்றே எழுதுகிறோம். ஹம்பிள் போட்டவர்கள் அந்த இடத்தில் ஹம்பிள் என்று அடித்துக்கொள்ளுங்கள்.

3. என் கம்ப்யூட்டர் தாங்குமாங்க? 4 ஜிபி ராம்தான் இருக்கு.

64 பிட் பிராசஸர் கட்டாயம். 4 ஜிபியில் ரோஸின் அடிப்படைப் பாடங்கள் ஓடும், பாடத்தில் திரையில் நகரும் ஆமையும் ஓடும். கஸீபோவில் (கணினிக்குள்ளேயே ரோபோவை ஓட்டும் சிமுலேட்டர்) ரோபோவை ஓட்டிப் பார்க்க 8 ஜிபி, பெரிய நிரல்களைக் கம்பைல் செய்ய 16 ஜிபி இருந்தால் நிம்மதி. டிஸ்கில் உபுண்டுவுக்கு 60 ஜிபி ஒதுக்குங்கள்.

ராம் குறைவென்றால் `ரோஸ்-ஜாஸி-டெஸ்க்டாப்` வேண்டாம், `ரோஸ்-ஜாஸி-ரோஸ்-பேஸ்` போதும். படம் காட்டும் கருவிகளும் டெமோக்களும் அதில் வராது, அடிப்படையெல்லாம் வரும். தேவைப்படும்போது ஆர்விஸை (ரோபோவின் தரவைப் படமாகக் காட்டும் கருவி) மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

4. 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்'னு வருது. ஸ்பெல்லிங் மூணு தடவை பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு.

ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருக்கும். முதலில் 2-ஆம் பதிலில் சொன்ன ஜோடியைச் சரிபாருங்கள். பத்தில் பாதிக்கு மேல் அதுதான். அடுத்து, ரோஸின் களஞ்சியத்தை (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வரின் முகவரி) ஏபிடி-யில் சேர்த்த பிறகு `சூடோ ஏபிடி அப்டேட்` கொடுத்தீர்களா? கொடுத்தால் அதன் வரிகளில் 'பேக்கேஜஸ்.ரோஸ்.ஓஆர்ஜி' என்ற முகவரி வந்துபோக வேண்டும். வரவில்லை என்றால் களஞ்சியமே சேரவில்லை. வந்து, அதோடு பிழையும் வந்தால் 5, 6 பதில்களுக்குப் போங்கள்.

லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். களஞ்சிய முகவரியில் உபுண்டுவின் குறிப்பெயர் வர வேண்டும், 24.04-க்கு அது 'நோபிள்'. மின்ட் 22-இல் கேட்டால் தன் பெயரான 'வில்மா' என்று சொல்லும். அந்தப் பெயரில் ரோஸ் களஞ்சியத்தில் எதுவும் இல்லை. அந்த முகவரி எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து 'நோபிள்' என்று திருத்துங்கள்.

5. கீ எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னு சொல்லுது. நேத்துதான் போட்டேன், எப்படி எக்ஸ்பயர் ஆகும்?

நேற்றுப் போட்டது நீங்கள், சாவி பழையது. ரோஸ் பேக்கேஜ்களுக்குக் கையொப்பமிடும் சாவியின் பழைய பிரதி 2025 ஜூன் தொடக்கத்தில் காலாவதியானது. சாவியைக் கையால் பதிவிறக்கி வைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றியவர்களுக்கு இது வரும். இப்போதைய முறையில் `ரோஸ்2-ஏபிடி-சோர்ஸ்` என்ற சிறு டெப் கோப்பை (உபுண்டுவின் பேக்கேஜ் கோப்பு) நிறுவினால் போதும். சாவி, முகவரி இரண்டையும் அதுவே வைத்து, பின்னால் புதுப்பித்தும் கொள்ளும்.

புதியதைப் போடுமுன் பழையதை எடுத்துவிடுங்கள். `ஈடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட்.டி` ஃபோல்டரில் `ரோஸ்2.லிஸ்ட்` என்ற கோப்பு கிடக்கும். அதை அழிக்க வேண்டும். அது இருக்கும்போதே புதியதும் சேர்ந்தால் 'சைன்ட்-பை' மதிப்புகள் முரண்படுகின்றன என்று சொல்லி ஏபிடி மொத்தமாக நின்றுவிடும். ரோஸ் மட்டுமல்ல, வேறு எதையும் நிறுவ விடாது.

6. 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்'னு ஒரு எரர். நெட் நல்லாத்தான் இருக்கு.

கணினியின் கடிகாரம் பின்னால் இருக்கிறது. `டேட்` என்று அடித்துப் பாருங்கள். சர்வர் இன்று கையொப்பமிட்ட கோப்பு, உங்கள் கணினியின் கணக்கில் வருங்காலத்தில் இருக்கிறது. அதனால் ஏற்க மறுக்கிறது. பிரவுசரில் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் எச்சரிக்கை வருவதற்கும் இதே காரணம்.

மலையில் இது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கி வைப்பது இங்கே வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. பிளக் இல்லாதபோது மதர்போர்டின் கடிகாரம் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியில்தான் ஓடும். பழைய கணினியில் அது தீர்ந்திருக்கும். 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். கணினியை அணைத்து, பிளக்கை எடுத்து, பேட்டரியின் பக்கத்திலிருக்கும் சிறு கொக்கியை நகத்தால் ஒதுக்கினால் துள்ளி வெளியே வரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள்.

மாற்றியதும் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். சாட்டா பயன்முறை முன்பிருந்ததுபோல ஏஎச்சிஐ-யில் இருக்கிறதா, விர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பாதி இன்ஸ்டால் ஆகும்போது கரண்ட் போயிடுச்சு. மறுபடி முதல்ல இருந்தா?

வேண்டாம். உபுண்டுவை அழித்து மறுபடி போடவும் வேண்டாம். ஏபிடி முதலில் எல்லா டெப் கோப்புகளையும் பதிவிறக்கும், பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கும். பதிவிறக்கத்தில் கரண்ட் போயிருந்தால் நஷ்டமே இல்லை: அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். வந்து சேர்ந்த கோப்புகள் `வார்/கேஷ்/ஏபிடி/ஆர்க்கைவ்ஸ்` ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும்.

பிரித்து வைக்கும்போது போயிருந்தால் 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்று வரும். `சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ` கொடுங்கள், பிறகு `சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்`, அதன்பின் பழைய கட்டளை. இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஏதாவது ஒரு டெப் கோப்பு சிதைந்திருப்பதாகச் சொன்னால் `சூடோ ஏபிடி கிளீன்` கொடுத்துவிட்டு மீண்டும் பதிவிறக்குங்கள்.

கணினி உபுண்டுவுக்கே போகாமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கறுப்புத் திரையில் நின்றால், டிஸ்கின் கோப்பமைப்பு அடிபட்டிருக்கிறது. எந்தப் பகுதியில் பழுது என்று திரையிலேயே எழுதியிருக்கும், உதாரணமாக `டெவ்/எஸ்டிஏ2`. `எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2` கொடுத்து, முடிந்ததும் `ரீபூட்`. மரம் சாய்ந்து கம்பி அறுகிற மழை மாதங்களில் பெரிய நிறுவலை யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். சிபியு, மானிட்டர், நெட் ரௌட்டர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், பிரின்டர் வேண்டாம்.

8. 'குட் நாட் கெட் லாக்'னு வருது. அந்த லாக் ஃபைலை டெலீட் பண்ணச் சொல்றாங்களே?

அழிக்காதீர்கள். உபுண்டு பின்னணியில் தானாக அப்டேட் செய்துகொண்டிருக்கிறது. கணினியை மாதக்கணக்கில் திறக்காமல் இருந்து திறந்த அன்று இது நீண்ட நேரம் பிடிக்கும். காத்திருங்கள். பூட்டை உடைத்துவிட்டு இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஓடினால் 7-ஆம் பதிலின் நிலைமையை நீங்களே வரவழைத்ததாகிவிடும்.

9. எங்க லேப்ல 15 கம்ப்யூட்டர், நெட்டோ ரொம்ப மெதுவு. ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா டவுன்லோட் பண்ணணுமா?

ஒரே தடவை போதும். ஒரு கணினியில் `ஏபிடி-கேச்சர்-என்ஜி` நிறுவுங்கள். அது 3142 என்ற போர்ட்டில் காத்திருக்கும். மற்ற 14 கணினிகளிலும் `ஈடிசி/ஏபிடி/ஏபிடி.கான்ஃப்.டி` ஃபோல்டரில் `00ப்ராக்ஸி` என்று ஒரு கோப்பு உண்டாக்கி, அதில் ஒரே வரி: `அக்வயர்::எச்டிடிபி::ப்ராக்ஸி "எச்டிடிபி://192.168.1.10:3142";` ஐபி எண் உங்கள் முதல் கணினியுடையதாக இருக்க வேண்டும். வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் வேலை செய்யாது. முதல் கணினி இழுத்த பேக்கேஜ் அங்கேயே தங்கும். மற்றவற்றுக்கு லேப் கேபிளின் வேகத்தில் வந்துவிடும்.

இப்படி அமைத்த லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே எதுவும் நிறுவ முடியாது, ஏனென்றால் அது இன்னும் 192.168.1.10-ஐத் தேடிக்கொண்டிருக்கும். அந்த `00ப்ராக்ஸி` கோப்பை எடுத்துவிட்டால் சரியாகும்.

நெட்டே இல்லாத இடத்துக்கு: கீழே கோவைக்குப் போகிறவரிடம் அதே உபுண்டு பதிப்பைப் புதிதாகப் போட்ட லேப்டாப்பைக் கொடுத்தனுப்புங்கள். களஞ்சியத்தைச் சேர்த்து, `சூடோ ஏபிடி இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி ரோஸ்-ஜாஸி-டெஸ்க்டாப்` கொடுத்தால் நிறுவாமல் பதிவிறக்கம் மட்டும் நடக்கும். 7-ஆம் பதிலில் சொன்ன ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டரிலிருந்து டெப் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து, மேலே வந்து, அந்த ஃபோல்டருக்குள் நின்று `சூடோ ஏபிடி இன்ஸ்டால் ./*.டெப்`. லேப்டாப் புதிதாகப் போட்டதாக இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். அதில் ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்களை ஏபிடி மறுபடி இறக்காது. மேலே வந்து பார்த்தால் நாலு கோப்பு குறையும்.

10. 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்'?

வந்த கோப்பு வழியில் மாறியிருக்கிறது, அல்லது சர்வர் அந்த நேரத்தில் புதுப்பித்துக்கொண்டிருந்தது. `சூடோ ஆர்எம் -ஆர்எஃப் /வார்/லிப்/ஏபிடி/லிஸ்ட்ஸ்/*` கொடுத்து, மறுபடி அப்டேட் செய்யுங்கள். சாய்கோடு, இடைவெளி எல்லாம் அப்படியே அடிக்க வேண்டும். இந்தக் கட்டளையில் இடம் மாறி விழும் ஒரு இடைவெளி பெரும் சேதம் செய்யும்.

11. இன்ஸ்டால் சக்சஸ். ஆனா 'ரோஸ்2: கமாண்ட் நாட் ஃபவுண்ட்'.

ரோஸ் இருக்கிறது, டெர்மினலுக்கு அது எங்கே என்று தெரியவில்லை. `சோர்ஸ் /ஓபிடி/ரோஸ்/ஜாஸி/செட்டப்.பாஷ்` கொடுங்கள். ஒவ்வொரு புது டெர்மினலிலும் இது வேண்டும். அதனால் ஹோம் ஃபோல்டரிலுள்ள `.பாஷ்ஆர்சி` கோப்பின் கடைசியில் இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு ரோஸுக்கு மட்டும் சேருங்கள். ஹம்பிள், ஜாஸி இரண்டு வரிகளும் கிடந்தால் பாதைகள் கலந்து, காரணமே புரியாத பிழைகள் வரும்.

சோதிக்க, ஒரு டெர்மினலில் `ரோஸ்2 ரன் டெமோ_நோட்ஸ்_சிபிபி டாக்கர்`, இன்னொன்றில் `ரோஸ்2 ரன் டெமோ_நோட்ஸ்_பை லிசனர்`. முதலாவது ('டாக்கர்' என்றால் பேசுவது, கன்டெய்னர் மென்பொருளான 'டாக்கர்' அல்ல) 'ஹலோ வேர்ல்ட்' என்று எண் போட்டுச் சொல்லும், இரண்டாவது 'ஐ ஹியர்ட்' என்று அதே எண்ணைத் திருப்பிச் சொல்லும். சி++, பைத்தான் இரண்டும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டுவிடும். ரோஸ்-பேஸ் மட்டும் போட்டவர்கள் இந்த இரண்டு டெமோ பேக்கேஜ்களையும் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

12. ஒரே கம்ப்யூட்டர்ல டாக்கர், லிசனர் பேசுது. ரெண்டு கம்ப்யூட்டர்ல வெச்சா பேசமாட்டேங்குதுங்க.

ரோஸ் 2-இல் நடுவில் சர்வர் கிடையாது. ஒவ்வொரு கணினியும் மல்டிகாஸ்ட் என்ற முறையில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வலையமைப்பு முழுவதும் கூவும். அந்தக் கூவல் போய்ச் சேரவில்லை. ஒரு கணினியில் `ரோஸ்2 மல்டிகாஸ்ட் ரிசீவ்`, மற்றதில் `ரோஸ்2 மல்டிகாஸ்ட் சென்ட்` கொடுங்கள். முதலாவதில் எதுவும் வராவிட்டால் குறை ரோஸில் இல்லை, நெட்வொர்க்கில்.

போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்; ஹாட்ஸ்பாட்டும் விடுதி வைஃபையும் இணைந்திருக்கும் கருவிகளைப் பல நேரம் ஒன்றையொன்று பார்க்க விடாமல் வைத்திருக்கும். ஒரு சாதாரண ரௌட்டரில் இரண்டையும் கேபிளால் மாட்டிப் பாருங்கள், இன்டர்நெட் தேவையில்லை. அடுத்து ஃபயர்வால்: `சூடோ யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்` 'ஆக்டிவ்' என்றால் `சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.0/24` என்றும், `சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் இன் ப்ரோட்டோ யுடிபி டு 224.0.0.0/4` என்றும் கொடுங்கள்.

மல்டிகாஸ்ட் சரி, ஆனாலும் பேசவில்லை என்றால் இரண்டிலும் டொமைன் எண் ஒன்றா என்று பாருங்கள். அது அடுத்த கேள்வி.

13. நாங்க கீ அழுத்தினா பக்கத்து டேபிள்காரங்க ஆமை நகருது!

12-இல் சொன்ன கூவலின் மறுபக்கம் இது. எல்லாரும் டொமைன் 0-இல் இருக்கிறீர்கள். அதுதான் இயல்பு எண். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு எண் கொடுத்து, அவரவர் `.பாஷ்ஆர்சி`-யில் `எக்ஸ்போர்ட் ரோஸ்_டொமைன்_ஐடி=7` என்பதுபோல எழுதுங்கள். ஆமை நகர்ந்தால் சிரிக்கலாம். உண்மையான ரோபோ மேசையிலிருந்து குதித்தால் சிரிக்க முடியாது. அதனால் லேபில் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

எண் 0 முதல் 101 வரை வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் எண் 7400-லிருந்து தொடங்கி டொமைனுக்கு 250 வீதம் கூடும். 101-க்கு 32650. அடுத்த எண்ணுக்கு 32900 ஆகிவிடும். 32768-லிருந்து மேலே உள்ளவற்றை லினக்ஸ் தன் தற்காலிக இணைப்புகளுக்கு எடுத்துக்கொள்வதால் அங்கே மோதல் வரும்.

14. பிப் இன்ஸ்டால் பண்ணா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு'னு திட்டுது. 'பிரேக் சிஸ்டம்' போட்டா போகுதாம், போடலாமா?

போடாதீர்கள், பெயரிலேயே சொல்லியிருக்கிறது. 24.04-இல் உபுண்டுவின் பைத்தானைப் பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) தொடக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் ஏபிடி-யில் தேடுங்கள்: `பைத்தான்3-நம்பை`, `பைத்தான்3-ஓபன்சிவி`, `பைத்தான்3-சீரியல்` எல்லாம் இருக்கின்றன. பூட்டை உடைத்து நம்பை 2 போட்டவர்களுக்கு, நம்பை 1-க்குக் கம்பைல் செய்யப்பட்ட ரோஸின் கேமரா நிரல்கள் உடனே விழும்.

ஏபிடி-யில் இல்லாதது கட்டாயம் வேண்டுமென்றால் `பைத்தான்3 -எம் வீஎன்வீ --சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்` என்று கொடுத்து, பின்னால் ஒரு ஃபோல்டர் பெயரும் சேர்த்துத் தனிச்சூழல் ஒன்று உண்டாக்குங்கள். அந்த நீளமான சொல்லை விட்டால் உள்ளே ரோஸின் பைத்தான் சார்புகள் தெரியாது. கோல்கான் என்பது உங்கள் ரோஸ் நிரல்களைக் கட்டும் (கம்பைல் செய்யும்) கருவி. சூழலுக்குள் இருந்து கட்டும்போது வெறும் `கோல்கான் பில்ட்` கொடுக்காமல் `பைத்தான் -எம் கோல்கான் பில்ட்` கொடுங்கள். அப்போதுதான் உங்கள் நிரல்கள் அந்தச் சூழலின் பைத்தானில் ஓடும்.

15. 'நோ மாட்யூல் நேம்டு ஆர்சிஎல்பை'. ரோஸ் சோர்ஸ் பண்ணிட்டேன், அப்பவும் வருது.

ஆர்சிஎல்பை என்பது ரோஸின் பைத்தான் நூலகம். டெர்மினலின் இடதுபக்கம் அடைப்புக்குறிக்குள் 'பேஸ்' என்று இருக்கிறதா? அப்படியானால் அனகோண்டா (தன் சொந்தப் பைத்தானோடு வரும் தொகுப்பு) ஓடுகிறது. ஜாஸி உபுண்டுவின் பைத்தான் 3.12-க்கும் ஹம்பிள் 3.10-க்கும் கட்டப்பட்டவை, அனகோண்டாவின் பைத்தான் வேறு. `கோண்டா கன்ஃபிக் --செட் ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் ஃபால்ஸ்` கொடுத்துப் புது டெர்மினல் திறங்கள். அந்தக் குழப்பத்தில் ஏற்கெனவே கம்பைல் செய்திருந்தால் பணியிடத்திலுள்ள `பில்ட்`, `இன்ஸ்டால்`, `லாக்` மூன்று ஃபோல்டரையும் அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். உங்கள் நிரல் `எஸ்ஆர்சி`-யில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

16. ரோஸ்டெப் இனிட் ஃபெயில் ஆகுது.

ரோஸ்டெப் என்பது ஒரு நிரலுக்குத் தேவையான மற்றப் பேக்கேஜ்களைத் தேடி நிறுவும் கருவி. 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்றால் முன்பே செய்தாகிவிட்டது, நேராக `ரோஸ்டெப் அப்டேட்` போங்கள். முகவரியைப் பதிவிறக்க முடியவில்லை என்றால், கிட்ஹப்பின் 'ரா' முகவரி உங்கள் இணைப்பில் திறக்கவில்லை. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ்ஸைத் தானியங்கியிலிருந்து எடுத்து 1.1.1.1 அல்லது 8.8.8.8 வைத்துப் பாருங்கள்.

`இனிட்` மட்டும்தான் சூடோவோடு. `அப்டேட்` சூடோ இல்லாமல். மாற்றிச் செய்துவிட்டால் `சூடோ ரோஸ்டெப் ஃபிக்ஸ்-பெர்மிஷன்ஸ்`.

17. கோல்கான் பில்ட் பாதியில செத்துப்போகுது. ஒருநாள் ஒரு பேக்கேஜ்ல, இன்னொரு நாள் வேற பேக்கேஜ்ல.

எப்படிச் செத்தது என்று பாருங்கள். 'கில்டு சிக்னல்' என்று வந்தால் ராம் தீர்ந்து லினக்ஸே கம்பைலரை நிறுத்திவிட்டது. கோல்கான் ஒரே நேரத்தில் பல பேக்கேஜ்களைக் கட்டும், ஒவ்வொன்றுக்குள்ளும் பல கோப்புகள் ஓடும். `எக்ஸ்போர்ட் மேக்ஃப்ளாக்ஸ்=-ஜே1` கொடுத்துவிட்டு `கோல்கான் பில்ட் --எக்ஸிக்யூட்டர் சீக்வென்ஷியல்` கொடுங்கள். மெதுவாக ஆகும், ஆனால் முடியும். கூடவே 8 ஜிபி ஸ்வாப் கோப்பு: `ஃபாலோகேட் -எல் 8ஜி /ஸ்வாப்8`, `சிஎச்மோட் 600 /ஸ்வாப்8`, `எம்கேஸ்வாப் /ஸ்வாப்8`, `ஸ்வாப்ஆன் /ஸ்வாப்8`. நான்குக்கும் முன்னால் சூடோ.

'இன்டர்னல் கம்பைலர் எரர்: செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று, அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு கோப்பில் வந்தால் அது வேறு கதை. ஒரே நிரல் ஒரே கம்பைலரில் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழக் காரணமில்லை. ராம் குச்சியைச் சந்தேகியுங்கள். பனியும் ஈரமும் உள்ள அறையில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கணினியில் ராமின் தங்கநிறப் பல்வரிசை மங்கிப் போயிருக்கும். பிளக்கை எடுத்து, குச்சியைக் கழற்றி, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பல்வரிசையின் இரு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். ரப்பரில் கறுப்பாகக் கோடு விழும். துகளை ஊதாமல் (எச்சில் ஈரம் சேரும்) உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, இரு முனைக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

பிறகு கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையால் கிரப் மெனுவை வரவழைத்து மெம்டெஸ்ட்டை ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். செக்யூர் பூட் இயங்கினால் அது ஓட மறுக்கலாம். பயாஸில் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம்.

இன்னொன்று: பணியிட ஃபோல்டரின் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. 'என் ரோபோ' என்று வைத்தால் பாதை இரண்டாக உடையும். `ரோபோ_டபிள்யூஎஸ்` போல ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

18. கஸீபோ_ரோஸ்_பேக்கேஜஸ் ஜாஸியில கிடைக்கலை. கிடைச்சதும் கறுப்பா நிக்குது.

பழைய கஸீபோ கிளாசிக்குக்கு 2025 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது. ஜாஸிக்கு அது இல்லை. `ரோஸ்-ஜாஸி-ரோஸ்-ஜீஸெட்` நிறுவினால் ஜோடியான கஸீபோ ஹார்மோனிக் சேர்ந்தே வரும். ஹம்பிளுக்கு ஜோடி ஃபோர்ட்ரெஸ். ஜாஸியில் `ஜீஸெட் சிம் ஷேப்ஸ்.எஸ்டிஎஃப்` கொடுத்தால் உருண்டையும் பெட்டியும் தெரிய வேண்டும்.

கறுப்புத் திரை என்றால் கிராஃபிக்ஸ். புது வரைவு எந்திரத்துக்கு ஓபன்ஜிஎல் 3.3 வேண்டும், பழைய கார்டில் `--ரெண்டர்-என்ஜின் ஓகர்` என்று சேர்த்துப் பழைய எந்திரத்தில் ஓட்டுங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் என்றால் முன்னால் `லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர்=1` போடுங்கள்; படம் வரும், வேகம் வராது. ஆர்விஸ், கஸீபோ ஜன்னல்கள் திறந்தவுடன் மூடினால், உள்நுழையும் திரையின் பல்சக்கரத்தில் 'உபுண்டு ஆன் ஸார்க்' தேர்ந்தெடுத்து நுழைந்து பாருங்கள்.

19. வெளி டெர்மினல்ல ஆர்விஸ் வருது, விஎஸ் கோடு டெர்மினல்ல மட்டும் 'சிம்பல் லுக்அப் எரர்'.

விஎஸ் கோடை ஸ்னாப்பில் நிறுவியிருக்கிறீர்கள். ஸ்னாப் தன் நூலகங்களின் பாதையை உள்ளே திணிக்கிறது. அந்த டெர்மினலில் `அன்செட் ஜிடிகே_பாத்` கொடுத்தால் ஓடும். நிரந்தரத் தீர்வுக்கு ஸ்னாப்பை நீக்கிவிட்டு டெப் கோப்பாக நிறுவுங்கள்.

20. ஆர்டுயினோ மாட்டினா போர்ட்டே காட்டமாட்டேங்குது. இல்லைன்னா 'பெர்மிஷன் டினைடு'.

இரண்டும் வேறு வேறு. 'பெர்மிஷன் டினைடு' என்றால் போர்ட் இருக்கிறது, உங்களுக்கு உரிமை இல்லை: `சூடோ யூசர்மோட் -ஏஜி டயல்அவுட்` என்று கொடுத்து, பின்னால் உங்கள் பயனர் பெயர். அந்த 'ஏ'-வை விட்டுவிடாதீர்கள். விட்டால் மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் உங்களை நீக்கிவிடும், சூடோ உரிமையும் போய்விடும். பிறகு லாக்அவுட் செய்து நுழையுங்கள். `ஐடி` என்று அடித்தால் பட்டியலில் டயல்அவுட் தெரிய வேண்டும்.

போர்ட் தோன்றி உடனே மறைந்தால், `சூடோ டிஎம்இஎஸ்ஜி` கொடுத்தால் கடைசி வரிகளில் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற சொல் இருக்கும். உபுண்டு 22.04-இல் பிரெயில் கருவிகளுக்கான இந்த நிரல், விலை குறைந்த ஆர்டுயினோக்களில் இருக்கும் சிஎச்340 சிப்பைப் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. `சூடோ ஏபிடி ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்` போதும். அந்தக் கணினியைப் பார்வையற்ற ஒருவரும் பயன்படுத்துகிறார் என்றால் நீக்காதீர்கள்; ஆர்டுயினோவை வேறு கணினியில் மாட்டுங்கள்.

21. விண்டோஸ்லயே டபிள்யூஎஸ்எல்ல போட்டுட்டேன். ரோபோவோட பேசலை.

பாடம் படிக்க டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) நல்லது. விண்டோஸ் 11-இல் ஆர்விஸ் ஜன்னலும் வரும். ஆனால் அது தன் சொந்த வலையமைப்புக்குள் மறைந்திருப்பதால் 12-இல் சொன்ன கூவல் வெளியே போகாது, யுஎஸ்பி கருவிகளும் நேராக வராது. அவற்றுக்கு `யுஎஸ்பிஐபிடி-வின்` வேண்டும். உண்மையான ரோபோ கைக்கு வந்த அன்றே 1-ஆம் பதிலின் தனி எஸ்எஸ்டிக்கு மாறிவிடுவது நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

22. டாபிக் எல்லாம் வருது, மேப் மட்டும் வரலை. 'எக்ஸ்ட்ராபொலேஷன் இன்டு த ஃபியூச்சர்'னு ஓடிட்டே இருக்கு.

ரோபோவின் மேலிருக்கும் கணினி, உங்கள் மேசைக் கணினி இரண்டின் நேரமும் ஒத்துப்போகவில்லை. லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) அளவில் ரோபோவின் நேரம் முத்திரையிடப்பட்டிருக்கும். மேசைக் கணினி அந்த நேரத்தில் ரோபோ எங்கே இருந்தது என்று தேடும். சில நொடி வித்தியாசம் இருந்தாலும் பதில் கிடைக்காது. ரோபோவில் பெரும்பாலும் இருக்கும் சிறு கணினியான ராஸ்ப்பெர்ரி பை 4-இல் கடிகாரச் சிப்பே இல்லை. இன்டர்நெட் கிடைத்தால்தான் மணி சரியாகும். தேயிலைச் சரிவிலோ கேரட் தோட்டத்து மேட்டிலோ நெட் இல்லாத இடத்தில் பையை எழுப்பினால், கடைசியாக அணைத்த நேரத்தை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும்.

மேசைக் கணினியையே மணிகாட்டியாக்குங்கள். இரண்டிலும் `குரோனி` நிறுவுங்கள். மேசைக் கணினியின் `ஈடிசி/குரோனி/குரோனி.கான்ஃப்`-இல் `அலவ் 192.168.1.0/24` என்று ஒரு வரி, `லோக்கல் ஸ்ட்ராட்டம் 10` என்று ஒரு வரி. பையின் அதே கோப்பில் `சர்வர் 192.168.1.10 ஐபர்ஸ்ட்`. இரண்டிலும் குரோனியை ரீஸ்டார்ட் செய்து, பையில் `குரோனிசி சோர்சஸ்` அடியுங்கள். உங்கள் மேசைக் கணினியின் வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி வந்தால் இணைந்துவிட்டது. மேசைக் கணினியின் சொந்த நேரம் 6-ஆம் பதிலின்படி சரியாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோபோவே இல்லாமல் கஸீபோவில் இதே பிழை வந்தால் `யூஸ்_சிம்_டைம்` சில நிரல்களில் 'ட்ரூ', சிலவற்றில் 'ஃபால்ஸ்' என்று இருக்கும். சிமுலேஷன் ஓடும்போது ஆர்விஸ் உட்பட எல்லாவற்றிலும் 'ட்ரூ' வையுங்கள். `ரோஸ்2 பாரம் கெட்` கொடுத்து ஒவ்வொரு நோடாக (ரோஸில் ஓடும் ஒவ்வொரு நிரலாக) கேட்டுப் பாருங்கள். மாறி நிற்பது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் நீங்கள் கடைசியாகச் சேர்த்தது.